காப்புக் கட்டிய ஊரும் ஈரக் களிமண்ணும்

தம்பி,

வடக்கே மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, ரயிலில் படுக்கையும் உறுதியாகிவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து இந்தக் கடிதம் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் நல்ல வார்த்தை சொல்ல வாயைத் திறந்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று செல்போனைக் கையில் எடுத்துவிடுவாய். எனக்கும் பாதியில் அடுப்பு ஞாபகம் வந்துவிடும். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும், சிற்பம் படிக்கப் போகிறேன் என்று பிள்ளை வந்து நிற்கும்போது திகைத்துப்போகிற மற்ற அம்மாக்களும் இதைப் படிக்கட்டும் என்று ஓர் ஆசை. இந்த நாலு வருஷத்தில் உனக்கு எவ்வளவு செலவானது என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. நான் அன்றாடக் கணக்கு எழுதுகிறவள் என்று தெரிந்தேதான் கேட்கிறார்கள். செலவைப் பற்றி இங்கே ஒரு வரியும் எழுதப்போவதில்லை. வரவு எழுதாத கணக்கு கணக்கே இல்லை. இது வரவுப் பக்கம்.

முதன்முதலில் நீ அந்தப் பட்டப்படிப்பின் பெயரைச் சொன்னபோது உன் அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அப்போதுதான் மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு வந்திருந்தார். "படம் போடத்தான் ஒனக்கு முன்னாடியே தெரியுமே. அதுக்கு எதுக்குடா காலேஜு?" என்றார். நீ சட்டென்று, "ஒங்களுக்கும் வண்டி ஓட்டத் தெரியும்ல, அப்பறம் எதுக்குப்பா லைசென்ஸு?" என்றாய். "நாங்கல்லாம் எட்டுப் போட்டுக் காட்டுனோம்டா." "எனக்கும் எட்டுப் போடச் சொல்வாங்கப்பா. நாலு வருஷம் போடச் சொல்வாங்க." அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். அதோடு பாதி வழக்கு முடிந்தது. மீதிப் பாதியை நான் நம் ஊர்க் கோயில் மாரியம்மாவிடம் ஒப்படைத்தேன்.

நீ சொன்னது உண்மைதான், எட்டுப் போடத்தான் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை மட்டும் வைத்து இடம் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது. மேசைமேல் ஒரு சொம்பும் இரண்டு வெங்காயமும் மடித்துப் போட்ட துண்டும் வைத்து வரையச் சொன்னார்கள், பிறகு எதையும் பார்க்காமல் மனசிலிருந்து ஒரு சந்தையை வரையச் சொன்னார்கள். நீ புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை வரைந்துவிட்டு வந்தாய். "சந்தைன்னுதானடா கேட்டாக?" என்றதற்கு, "அங்கிட்டும் விக்கத்தானம்மா செய்றாங்க" என்றாய். இடம் கிடைத்தது. நெற்றியில் நான் பூசி அனுப்பிய திருநீறு வேர்வையில் கரைந்து உன் தாளில் ஒரு மூலையில் சொட்டியிருந்ததாம். அது வெங்காயத்துக்கு நல்ல நிழலாகிவிட்டது என்று நீ சொன்னதை நான் இன்றுவரை நம்புகிறேன்.

முதல் வருஷம் உனக்குப் பிடித்ததை மட்டும் செய்ய விடவில்லை. வண்ணம், வடிவமைப்பு, களிமண், எல்லாமே எல்லோருக்கும். பிறகுதான் ஒரு பிரிவு; நீ சிற்பத்தை எடுத்தாய். அதற்கு நடுவே தினம் கைக்கு வந்ததை வரைந்து, வாரம் ஒருமுறை கட்டாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நீ லீவுக்கு வந்தால் நம் வீட்டில் தப்பியவர் யாரும் இல்லை. உன் அத்தை பகல் தூக்கம் போட்டதை நீ வரைந்ததும், அதை அவளே கண்டுபிடித்துவிட்டதும் நினைவிருக்கிறதா? "ஏன்டா, வாய மூடி வரையத் தெரியாதா ஒனக்கு?" என்று கத்தினாள். "நீங்க மூடுனாத்தானே அத்த நான் மூட முடியும்?" என்று நீ சொல்லிவிட்டு ஓடினாய். இன்றைக்கும் நீ வீட்டில் இருந்தால் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் படுக்கிறாள்.

இதோடு எழுத்துத் தேர்வும் இருந்தது. கலை வரலாறு. நான் ஐந்தாவதோடு நின்றவள். உனக்குத் தெரியும், நீ ஒவ்வொரு வகுப்பும் முடித்த பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்துப் படித்துத்தான் நான் இந்த அளவுக்கு எழுதப் படிக்க வந்தேன். உனக்கு ஒரு வருஷம் பின்னால் நடந்துகொண்டே இருந்தேன். கல்லூரிக் குறிப்புகளையும் விடவில்லை. கீரை ஆயும்போது தாளை எதிரே வைத்துக்கொண்டு உன்னைக் கேள்வி கேட்பேன். மலையைக் குடைந்த கோயிலில் தூண் எப்படி இருக்கும் என்று நீ பதில் சொல்லும்போது, நான் எத்தனையோ தடவை கும்பிட்டுச் சுற்றி வந்த தூணை முதல் தடவையாகப் பார்த்த மாதிரி இருக்கும். நான் கும்பிட்ட கண்ணுக்கு நீ பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய். இதுவும் வரவு. மூன்றாம் வருஷக் குறிப்பில் இப்போது இருக்கிறேன், நீ போவதற்குள் முடித்துவிடுவேன்.

ஒரே ஒரு விஷயம் எனக்கு மண்டையில் ஏறத் தாமதமானது. அது வருகைப் பதிவு. கோயில் விசேஷம், கல்யாணம், காதுகுத்து, எதற்கும் உன்னை விடுதியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் போனால் என்ன, சிநேகிதனிடம் நோட்டை வாங்கி எழுதிக்கொள்ளலாமே என்று எனக்கு எண்ணம். "நோட்டு வாங்கலாம்மா. கை பழகுறத யாருக்கிட்ட வாங்குறது?" என்று நீ பொறுமையாகச் சொன்னாய். கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்ட பிறகும், போன பங்குனியில் உன்னைக் கறி தின்னக் கூப்பிட்டேன்.

பட்டத்துக்கான கடைசிப் படி உனக்கு அப்போது பாக்கி இருந்தது. ஆளுயர உருவம் ஒன்றைக் களிமண்ணில் செய்து நிறுத்த வேண்டும்; வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்த்துக் கேள்வி கேட்பார்; அது தேறினால்தான் பட்டம், தேறாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி. நீ செய்தது ஒரு பெண்ணை. ஜவுளிக்கடை வேலை முடிந்து ஊர் திரும்பும் பெண், பஸ்ஸுக்குள் மேல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நின்றபடியே கண் அசந்திருக்கிறாள். அந்தத் தூக்கிய கைதான் உனக்குப் பயம். உள்ளே கம்பிக் கூடு கட்டி மேலே மண் அப்பியிருந்தாலும், ஈரம் காய்ந்தால் அக்குளில் வெடித்துக் கை இறங்கிவிடும். அதனால் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி சுற்றி, மேலே பாலித்தீன் தாள் போர்த்திவைக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல என்று நீ போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

வெளியூர்க்காரர்கள் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக நம் ஊர்க் கட்டுப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாரியம்மாவுக்குத் திருவிழா எடுக்கும்போது முதலில் காப்புக் கட்டுவார்கள். பூசாரி கையில் மஞ்சள் கயிறு ஏறி, ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டி முடிக்கிற நேரத்தில் யார் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கேயும் போகலாம். இரவு எல்லைக்குள் வந்து படுத்துவிட வேண்டும். வீட்டில் கறி மீன் கிடையாது. குழம்பைத் தாளிக்கக்கூட மாட்டோம். அதற்கு முன்னால் பிள்ளை ஒரு வாய் கறிச்சோறு தின்றுவிட்டுப் போகட்டுமே என்றுதான் உன்னை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நம் ஊரில் காப்பு செவ்வாய்க்கிழமைதான். அந்தத் தடவை மைக்செட்காரர் செவ்வாயன்று வேறு ஊருக்கு ஒத்துக்கொண்டுவிட்டார் என்று, ஊர்க்கூட்டத்தில் ஞாயிறு சாயங்காலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதை மைக்கிலேயே பலமுறை சொன்னார்களாம். நான் மிக்ஸியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன்.

நீ தின்று, தூங்கி எழுந்து, சாயங்கால பஸ்ஸுக்குப் பையைத் தோளில் மாட்டும்போது கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது. நான் தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரி, "என்னக்கா, தெரியாதா? காப்புக் கட்டியாச்சே" என்றாள், ஏதோ மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. திரும்பி வந்து உன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வாளர் வருகிறார். காப்பு அவிழ்ப்பது அதற்கும் அப்பால். உன் சிலைக்கு முகமும் விரலும் இன்னும் முடியவில்லை. போடா தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவு பயம் மாரியம்மாவிடம். உனக்கு அந்த நம்பிக்கை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நீ கோபித்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் போய்ப் படுத்துவிட்டுக் காலையில் வந்து நின்றிருக்கலாம். நீ பையைக் கழற்றிக் கொடியில் மாட்டினாய். "காலைல மொத பஸ்ஸு எத்தனை மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டாய்.

திங்களும் செவ்வாயும் நீ இருட்டோடு போய் இருட்டியபின் வந்தாய். புதுக்கோட்டை, தஞ்சாவூர், அதற்கப்பால் இன்னொன்று என்று பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்வருவதிலேயே பாதிப் பகல் போய்விடும். மிச்சப் பகலில் வேலை. பட்டறையைப் பூட்டுவதற்கு முன்னால் உன் சிநேகிதன் நசீர், அந்த மீமிசல் பிள்ளை, தன் சிலையோடு உன் சிலைக்கும் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவான். ஆனால் பங்குனி வெயில் குடித்த தகரக் கூரை இரவெல்லாம் கக்கிக்கொண்டே இருக்குமாம். புதன்கிழமை வந்து காலைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "அக்குள்ல வெடிச்சிருச்சும்மா." புது மண் வைத்து அடைக்கலாம், முட்டுக் கொடுக்கலாம், ஆனால் பழைய மண்ணும் புது மண்ணும் ஒன்றாகப் பிடிக்கிற வரைக்கும் ஓர் இரவு முழுக்க யாராவது பக்கத்தில் இருந்து ஈரம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை காலை கை தரையில் கிடக்கும் என்று உன் ஆசிரியர் சொல்லியிருந்தார். கடைசி இரவு பட்டறையைப் பூட்டமாட்டார்கள், ஆனால் அவனவனுக்கு அவனவன் சிலையைப் பார்க்கவே நேரம் போதாது. நசீரைக் கேட்கவும் வழியில்லை.

கோயில் கமிட்டியில் இருக்கிற உன் பெரியப்பாவிடம் ஓடினேன். "மாமா, ஒரே ஒரு ராத்திரி. புள்ளையோட நாலு வருஷப் படிப்பு" என்றேன். "ஏத்தா, நான் வேணாம்னா சொல்றேன்?" என்றார் அவர். "மேலத்தெரு பய துபாய்க்கு டிக்கெட்டப் போட்டுட்டு வந்து நின்னான். தேதிய மாத்துடான்னு சொன்னவன் நான். இன்னிக்கி என் தம்பி மகன்னு வாய மூடிக்கிட்டா ஊரு என்னை என்ன கேக்கும்?" அவர் சொன்னதில் தப்பில்லை. "வெறும் மண்ணுதானத்தா, ரெண்டு நா பொறுக்காதா?" என்றார். "மண்ணுக்குக் காப்பு தெரியாது மாமா" என்று சொல்லிவிட்டு அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்போதுதான் உன் அப்பாவின் மினிபஸ் கடைசி நடை முடிந்து, எல்லைத் தோரணத்தைத் தாண்டி ஊருக்குள் வந்தது. வேப்பிலை முகப்புக் கண்ணாடியில் உரசிற்று. நான் அப்படியே நின்றேன். ஞாயிற்றுக்கிழமை இரவு அவரைப் பார்த்து, ஊரே எல்லைக்குள் இருக்கும்போது நீங்கள் ஒருவர்தான் காப்புக்கு இல்லை என்று சடைத்துக்கொண்டது நான்தானே?

வந்த வழியே திரும்பினேன். "மாமா, காப்புக் கட்டையில இவுக எங்க இருந்தாக?" பெரியப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "அவன் எங்க இருந்தான், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல ஆள் ஏத்திக்கிட்டு இருந்திருப்பான்." "அப்ப இவுகளுக்குக் கட்டு இல்லல்ல?" சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது அவருக்கு. "ஏத்தா, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும். போகச் சொல்லு, போகச் சொல்லு. அவனுக்கு ஒரு தடையும் இல்ல." வீட்டில் சொன்னதும் உன் அப்பா, "நானா? செலைக்குக் காவலா? ஏன், அது எந்திரிச்சு ஓடிருமா?" என்றார். அந்த வாரத்தில் நீ முதல் தடவை சிரித்தது அப்போதுதான். அவர் வண்டியை மாற்று டிரைவரிடம் விட்டுவிட்டு, மறுநாள் விடிவதற்கு முன்னால் உன்னோடு கிளம்பினார்.

அன்று நடந்ததை அவர் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று கணக்கே இல்லை. பகல் முழுக்க நீ மண்ணை அடைத்து முட்டுக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முகத்துத் துணியை நீ விலக்கியதும் கிட்டே வந்தாராம். "ஏன்டா, இது நம்ம கடைசி நடையில வர்ற புள்ள மாதிரில்ல இருக்கு?" "மாதிரி இல்லப்பா, அந்தப் புள்ளதான். நான் வரைஞ்சப்பவே அதுக்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுச்சு." "நெசத்துல இம்புட்டு அசந்தா நிக்குது?" "நீங்க முன்னால பாத்து ஓட்டுறீங்க." "கண்ணாடியில பாக்கத்தான்டா செய்யிறேன்" என்று சொன்னாராம், ஆனால் குரல் இறங்கிவிட்டதாம். சாயங்காலம் நீ அவரைச் சிலையோடு விட்டுவிட்டு எங்களிடம் திரும்பினாய். அன்று இரவு அவர் துணி காயக் காயத் தெளித்திருக்கிறார். துணி போதவில்லை என்று, நான் வாழைப்பழமும் சோறும் கட்டிக் கொடுத்தனுப்பிய கோணிச்சாக்கை நனைத்து அவள் இடது தோளில் போர்த்தியிருக்கிறார். காலையில் நீ போய்ச் சாக்கை எடுத்தால், கை நின்றது. வெடிப்பு இல்லை. தோளில் மட்டும் சாக்கின் பின்னல் அச்சாக இறங்கியிருந்தது. உன் அப்பாவுக்கு முகம் செத்துப்போயிற்றாம். தேர்வாளர் வருவதற்குள் தோளைத் தேய்த்து நேராக்கலாம், அல்லது விரல்களை முடிக்கலாம், இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம். நீ விரல்களை முடித்தாய்.

தேர்வாளர் சுற்றி வந்து அந்த இடத்தில் நின்று, "இது பை மாட்டின தடமாப்பா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கெட்டிக்காரன் என்று பெயர் கிடைத்திருக்கும். "இல்ல சார், சாக்குத் தடம். ராத்திரி எங்கப்பா போத்துனாரு. அழிக்க நேரம் இல்ல" என்றாயாம். தேர்வாளர், உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது, ஏன் அந்தக் காலில் என்று வேறு கேள்விகளுக்குப் போய்விட்டார். எதற்கும் நீ திக்கவில்லை என்று அப்பா சொன்னார். அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டாராம், ஒரு வார்த்தை விளங்காவிட்டாலும்.

பட்டம் கிடைத்தது. ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அதற்காக மட்டும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை உன் சிநேகிதர்கள் எல்லோரும் சேர்ந்து கொண்டாடக் கூப்பிட்டார்கள். உன் வேலை முடிந்துவிட்டது. இனி எந்தச் சிலையும் வெடிக்கப்போவதில்லை. அன்றைக்கும் நீ எல்லைக்குள் வந்து படுத்தாய். காப்பு அவிழ்க்கும்வரை ஒரு நாள் தவறவில்லை. முளைப்பாரி எடுத்துப் போகும்போது நீ ஓரமாக நின்று வரைந்துகொண்டிருந்தாய். கும்பிட்டாயா என்று நான் பார்க்கவில்லை. உன்னுடையதல்லாத ஒரு கட்டுப்பாட்டை, நான் அதற்குக் கட்டுப்பட்டிருந்தேன் என்ற ஒரே காரணத்துக்காக, முகம் சுளிக்காமல் நீ காத்தாய். நான் வேண்டிக்கொண்டதற்கெல்லாம் மேலே எனக்குக் கிடைத்தது அது. உன் அப்பாவுக்குக் கிடைத்தது வேறு. கடைசி நடையில், ஆஸ்பத்திரி தாண்டி வருகிற அந்த வளைவில், அவர் இப்போது பிரேக்கை மெதுவாகப் போடுகிறார். கண்டக்டர் காரணம் கேட்டால், "நிக்கிறவுக தூங்குவாகடா" என்கிறார்.

புத்தி சொல்லாமல் அனுப்பினால் நான் அம்மா இல்லை. அங்கே பாஷை தெரியாது என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதே. வெங்காயத்தைக் காட்டி வெங்காயம் என்று சொல், அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லித்தருவார்கள். வெடித்துவிட்டால் அன்றைக்கே யாரிடமாவது சொல், அந்தப் புதன்கிழமை சொன்ன மாதிரி. உனக்காக ஓர் இரவு காவல் இருக்கிறேன் என்று யாராவது வந்தால் இருக்க விடு. தடம் விழத்தான் செய்யும். விழட்டும்.

நீ வார்ப்பெடுத்துக் கொண்டுவந்த அந்தப் பெண் நம் முன்னறையில்தான் நிற்கிறாள். உன் பெரியப்பா வரும்போதெல்லாம் அவள் தூக்கிய கையில் துண்டைத் தொங்கவிடுகிறார். நான் அவர் போனதும் எடுத்துவிடுகிறேன். தூசி தட்டும்போது என் விரல் அந்தத் தோளில் சாக்குப் பின்னலைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அடுத்த பங்குனியில் இங்கே கொட்டுச் சத்தம் கேட்கும்போது நீ எல்லைக்கு வெகு தூரத்தில் இருப்பாய். உன்மேல் எந்தக் கட்டும் இருக்காது. இருட்டுவதற்குள் எங்கேயும் வந்து சேர வேண்டியதில்லை; வேலை இருந்தால் விடிய விடிய அங்கேயே இரு, மாரியம்மா ஒன்றும் சொல்லமாட்டாள், நானும் சொல்லமாட்டேன். கறி ஆக்கிவிட்டுக் கூப்பிடுவேன், அந்தப் புத்தி எனக்குப் போகாது. ஆனால் காப்பு அவிழ்த்த பிறகுதான் கூப்பிடுவேன். அதுவும் மிக்ஸியை நிறுத்திவிட்டு, மைக்கில் சொல்கிற நாளை வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்ட பிறகு.

உன் அம்மா